கார்பன் நியூட்ரல் கம்பி மத்தாப்பு

சிவகாசியில் வக்கீல் கீர்த்திகாவைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் செக் பவுன்ஸ் கேஸோடுதான் வருவார்கள். பட்டாசு ஆலை வைத்திருக்கும் சீனிவாசகம் அன்றைக்கு ஒரு ஒப்பந்தத்தோடு வந்தார். சென்னையில் பெரிய கடைகள் நடத்தும் ஒரு கம்பெனி அவருடைய கம்பி மத்தாப்பு முழுவதையும் வாங்கிக்கொள்வதாக எழுதி அனுப்பியிருந்தது.

"அண்ணாச்சி, உங்க சரக்கு கார்பன் நியூட்ரல்னு நீங்க உத்தரவாதம் தர்றீக. பொய்யின்னு எவனாவது கேஸ் போட்டா மொத்த நஷ்டமும் உங்க தலையில. ஆனா அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எங்கயும் எழுதல."

"கார்பன்னா கரிதானம்மா? நம்ம மத்தாப்புல கரியே கிடையாதே. அலுமினியப் பொடியில்ல போடுதோம்!"

கீர்த்திகாவுக்குச் சிரிப்பு வந்தது. "வெளிய விடுற கரியமில வாயு அம்புட்டுக்கும் ஈடு கட்டணும் அண்ணாச்சி" என்றாள். அவர் முகம் தொங்கிவிட்டது.

மறு வாரம் கம்பெனி மேலாளர் ஹரிபிரசாத் செம்பு பாட்டிலும் கையுமாக வந்து இறங்கினார்.

"விளக்கமெல்லாம் எதுக்கு மேடம்? எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைதானே?"

"தெரிஞ்சதை எழுதிடலாமே சார். லாரி குடிக்கிற டீசல் யார் கணக்கு?"

"அது லாரிக்காரங்களோடது."

"மத்தாப்பைக் கொளுத்துற புகை?"

"அது கஸ்டமரோடது."

"அப்ப யாரும் கொளுத்தாத வரைக்கும் நியூட்ரல்."

"கரெக்ட் மேடம்! ஆலை கேட்டோட நிறுத்திக்கலாம்" என்று அவர் குதூகலித்தார். ஆலைக்குள் ஆகும் புகைக்கு மட்டும் ஈடாக மரம் காட்டினால் போதுமாம். வெம்பக்கோட்டைப் பக்கம் தனக்கு ஒரு காடு இருப்பதும், அதில் சீமைக்கருவேலம் தானாக மண்டிக் கிடப்பதும் சீனிவாசகத்துக்கு ஞாபகம் வந்தது. வெட்டாமல் விட்டாலே அதுவும் சேவைதான் என்றார் ஹரிபிரசாத். மூவரும் காரில் பார்க்கப் போனார்கள்.

தூரத்திலேயே புகை தெரிந்தது. மரத்தையெல்லாம் வெட்டி அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, கரிமூட்டம் போட்டிருந்தான் கோட்டைச்சாமி.

"வாங்க மொதலாளி! நீங்க குத்தகைக்கு விட்ட எடம்தான். கரி கல்லு மாதிரி விளைஞ்சிருக்கு."

சீனிவாசகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஹரிபிரசாத் மூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "வெட்டுனா மறுபடி துளிர்க்கும்ல? அப்ப இது தற்காலிகப் புகை. அப்படியே விளக்கத்துல சேர்த்துடுங்க மேடம்."

கீர்த்திகாவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அடக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்ததும் டைப் அடித்தாள்: 'கார்பன் நியூட்ரல் என்னும் சொல்லுக்கு, சரக்கை வாங்கும் கம்பெனி கொள்ளும் பொருளே பொருள். அது பொய்யானால் நஷ்டம் முழுவதும் அந்தக் கம்பெனியையே சேரும்.'

"இம்புட்டு நேரம் நீங்க சொன்னதுதான் சார். கையெழுத்துப் போடுங்க."

ஹரிபிரசாத் படித்துவிட்டு போனோடு வெளியே போனார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அந்த வார்த்தை வேண்டாம்னு எங்க லீகல்ல சொல்றாங்க. பெட்டி பச்சைக் கலர்ல இருக்கணும்னு மட்டும் போட்டுக்கலாம்."

"அம்புட்டுத்தானா? ஜோரா அடிச்சிரலாம்!" என்று எழுந்தேவிட்டார் சீனிவாசகம்.

"ஒரு நிமிஷம் சார், பச்சைன்னா எந்தப் பச்சை? அதைத் தெளிவா எழுதணும். பின்னாடி தகராறு வரக்கூடாது பாருங்க" என்றாள் கீர்த்திகா.

அச்சகத்திலிருந்து கலர் அட்டை வரவழைத்தார்கள். இலைப் பச்சையா, கிளிப் பச்சையா என்று விளக்கம் எழுதி முடிக்க அன்றைய சாயங்காலம் முழுவதும் போதவில்லை.