தேராவிலிருந்து வந்த நெருப்பு

பொது அடுப்பில் சாம்பல் ஊறிக் கிடந்தது. பிலின்னா விரலை விட்டுத் துழாவினாள். அடிவரை ஈரம். விடிகாலை மழைக்குக் கூரைத் திறப்பை அவள் மூடியிருக்கவில்லை. தேராத் தீவில் யாரும் மூடுவதில்லை. அங்கே மழையே அபூர்வம். லிபியக் கரையில் குரேனே நகருக்குக் குடிவந்து மகன் வளர்ந்து தகப்பனாகியும், அவள் கை மட்டும் இன்னும் தேராவின் கைதான்.

தாய்நகரமான தேராவின் அடுப்பிலிருந்து சட்டியில் ஏந்தி, கடல் கடந்து கொண்டுவந்த நெருப்பு அது. அணைந்தால் காவல் காத்தவளே கப்பலேறிப் போய் மறுபடி வாங்கி வரவேண்டும். கப்பல் இன்றைக்குப் புறப்படுகிறது.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு. கறுப்பு மணல், பாறையில் வெட்டிய படிகள், உச்சிப் படியில் இடுப்பில் கைவைத்து நிற்கும் தங்கை. மனம் அதற்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டதைக் கண்டு அவளுக்கே கூசியது.

“அணைஞ்சிடுச்சா அத்தை?”

மருமகள் இஸ்ஸுரா கைக்குழந்தையோடு நின்றாள். லிபியப் பெண். இன்று பேத்தியை அடுப்பைச் சுற்றித் தூக்கி ஓடிப் பெயரிடும் நாள். சுற்றாத பிள்ளை இந்த ஊர்ப் பிள்ளை இல்லை. தாய் லிபியக்காரி என்ற முணுமுணுப்பு வேறு.

“இந்த ஊரு மழைய நம்பாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். தேராக்காரங்க காதெல்லாம் கடல்ல விழுந்துடுச்சு போல.”

“நான் போய் எடுத்துட்டு வரணும்டி.”

“எப்ப வருவீங்க?”

“காத்து திரும்பினாத்தான்.”

“அதுவரைக்கும் இவளுக்குப் பேரில்லை.”

குழந்தையை மாமியாரின் மடியில் கிடத்திவிட்டு இஸ்ஸுரா வெளியே போனாள். திரும்பியபோது கையில் மண்சட்டி, அதில் கங்கு.

“எங்கம்மா கூடாரத்து அடுப்பு. யாருக்கும் தெரியாது. வேணாம்னா கொட்டிடறேன்.”

குழந்தை பிலின்னாவின் விரலைப் பிடித்திருந்தது. அவள் விரலை மெல்ல விடுவித்துக்கொண்டாள். சட்டியை வாங்கினாள்.

துறைமுகத்துக்கு இறங்கும் முன் கப்பல் தலைவன் வாசலில் நின்று வழக்கப்படி கேட்டான்: “நெருப்பு உசிரோட இருக்காக்கா?”

உள்ளே மகன் குழந்தையோடு அடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். ஆண்கள் தேராவை வாழ்த்திப் பாடினார்கள். புகையில் தேராவில் வளராத ஏதோ மரத்தின் மணம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரவு கப்பலில் இருப்பாள்.

“இருக்கு,” என்றாள்.

“ஊருக்கு ஏதாச்சும் சொல்லணுமா?”

“தங்கச்சிகிட்ட ஒரு பிடி கறுப்பு மணல் கேட்டேன்னு சொல்லு.”

“மணலா! நான் சுமக்க வேற எதுவும் கிடைக்கலியாக்கா?”

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். பாதை வளைவில் அவன் தலை மறையும்வரை பிலின்னா பார்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையில் ஒரு துளி விழுந்தது. உள்ளே ஓடினாள், கோலை எடுத்துக் கூரைத் திறப்பை மூடினாள்.