அஞ்சலிப் பகுதிக்குப் பொறுப்பாளர்

2025 டிசம்பர் 31, புதன்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். திருவனந்தபுரத்தின் மேல் வானம் துலக்காத ஈயப் பாத்திரம் போல் கவிந்திருந்தது. விடியுமுன் தூறிய மழை நின்றுவிட்டது. ஆனால் நின்றதாக ஒருவரும் நம்பவில்லை. தெருவில் போனவர்கள் குடையை மடக்காமலே நடந்தார்கள்.

கரமனையில் தம் வீட்டு மாடியறையில் உமாசங்கர் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து, எழுதியிருந்த முதல் வாக்கியத்தை அழித்தார். ஒவ்வோர் ஆண்டும் கடைசி நாளன்று, நண்பகலுக்குள், 'கரமனைக் குறிப்புகள்' என்ற தம் வலைப்பூவில் அந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதுவது அவர் வழக்கம். தலைப்புகள் மூன்று: தொழில்நுட்பம், செய்தி, அன்றாடம். வாசகர்கள் முந்நூறு பேருக்குமேல் என்றும் இருந்ததில்லை. அந்த முந்நூறு பேரும் ஓர் ஒற்றுப்பிழை கண்டால் மாலைக்குள் மடல் எழுதிவிடுவார்கள். அவர்களை அப்படிப் பழக்கியவரும் அவரே.

செய்திக்குச் சரக்குப் பஞ்சமில்லை. விழிஞ்ஞத்துத் துறைமுகத்தை முறைப்படி திறந்துவைத்தார்கள். வெளிநாட்டுப் போர்விமானம் ஒன்று பழுதாகி, இவ்வூர் விமான நிலையத்தில் ஐந்து வாரம் மழையில் நனைந்துகொண்டு நின்றது. ஊரே அதை விருந்துக்கு வந்து திரும்பாத மாப்பிள்ளையாகப் பாவித்துக் கேலி பேசிற்று. அன்றாடத்துக்கும் குறைவில்லை: தம்முடைய சர்க்கரை ஏறியதை எழுதலாம், தெருவில் ஒரு வீட்டிலும் இப்போது நாளிதழ் விழும் ஓசை கேட்பதில்லை என்பதை எழுதலாம். தொழில்நுட்பம்தான் நகர மறுத்தது. அந்தத் தலைப்பின்கீழ் இந்த ஆண்டு எழுத ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் எழுத முடியவில்லை.

மனைவி திவ்யலட்சுமி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எழுதியாச்சா?"

"தலைப்பு மூணும் எழுதியாச்சு."

"அது பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாலயே எழுதினதுல்லா?" அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த முடிவு?"

"மூணு மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்."

"ஆன்சன் பேருதானா?"

அவர் காப்பியை ஆற்றினார்.

"பாவம், அந்தப் பய ஓணத்துக்கு வந்து எவ்வளவு சாப்பிட்டான். பொண்டாட்டி ரெனியையும் அவனோட தங்கமான அம்மாவையும் கூட்டிட்டு வந்தான்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க பேரு அதுல வராதுல்லா?"

"வராது" என்றார் உமாசங்கர்.

கழக்கூட்டத்தில் இயங்கும் ஓர் இணையச் செய்தித் தளத்தின் தமிழ்ப் பிரிவுக்கு அவர் தலைவர். செய்தியைத் திரட்டுவது, மொழிபெயர்ப்பது, தலைப்பிடுவது எல்லாம் சென்ற ஆண்டிலிருந்து இயந்திரத்தின் வேலை. மனிதர்கள் ஐந்து பேர் அது தந்ததைச் சரிபார்ப்பார்கள். தளத்தில் மிகுதியானோர் பார்த்த பகுதி அரசியலும் அன்று, சினிமாவும் அன்று, அஞ்சலி. கேரளத்து நாளிதழ்களின் மரண அறிவிப்புப் பக்கங்களை ஆயிரக்கணக்கில் ஊட்டி அதற்கு இயந்திரத்தைப் பழக்கியிருந்தார்கள். மாலை சூடிய முகம், அருகில் குத்துவிளக்கு, பெயர், தேதி: இவ்வளவும் இருந்தால் அதைப் பொறுத்தவரை ஆள் இறந்துவிட்டார்.

பத்து நாளைக்கு முன், கிழக்கேகோட்டையை அடுத்த 'சாலை' என்னும் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அழகியநம்பிக்கு அறுபது நிறைந்தது. அறுபதாம் கல்யாணத்தில் குத்துவிளக்கின் அருகே மாலையும் கழுத்துமாக எடுத்த படத்தை, வாழ்த்துப் பகுதியில் வரட்டும் என்று அவருடைய மகன் வாட்ஸப்பில் அனுப்பினான். படத்தில் அம்மா கண்ணை மூடியிருந்தாள். ஆகவே அவளை வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் அனுப்பினான். படத்தின்கீழ் பெயரும் தேதியும் எழுதினான், வேறொன்றும் எழுதவில்லை. இயந்திரம் அதை அஞ்சலியில் சேர்த்தது. அன்று அஞ்சலியைச் சரிபார்த்தவன் ஆன்சன்.

ஆன்சன் பாறசாலைக்காரன், தலைமுறைகளாகக் கிறிஸ்தவச் சபையில் இருக்கும் குடும்பம். அவன் வீட்டில் அறுபது நிறைந்தால் ஜெபக்கூட்டம் நடக்கும், கேக் வெட்டுவார்கள். மாலை என்பது மணமகன் கழுத்துக்கு, இல்லாவிட்டால் சவப்பெட்டிக்கு. அறுபது வயதுக்காரர் மணமகனாக இருப்பார் என்று அவனுக்குத் தோன்றாததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிரிவில் இருந்த மற்ற நால்வரும் நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் வேர்விட்ட வீட்டுப் பிள்ளைகள். அந்தப் படத்தைக் கண்டவுடன் சாப்பாடு எங்கே என்றுதான் கேட்டிருப்பார்கள். ஆனால் பெயர்களில் பிழை விடாதவன் என்று ஆன்சனை அந்தப் பகுதிக்குப் போட்டவர் உமாசங்கர். பெயரில் பிழை இருக்கவுமில்லை.

பந்தி முடிவதற்குள் கல்யாண வீட்டுக்கு இரண்டு மலர்வளையங்கள் வந்து சேர்ந்தன. அதுவரைக்கும் சிரிக்கலாம். ஆரல்வாய்மொழியில், முழங்கால் வலியால் விழாவுக்கு வர முடியாமல் வீட்டிலிருந்த அழகியநம்பியின் அக்காளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கைபேசியைக் காட்டினாள். அலறிக்கொண்டு எழுந்தவள் வாசற்படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

நிறுவனம் தன் இயந்திரத்தை ஒரு பெரிய குழுமத்துக்கு விற்கவிருந்த நேரம் அது. ஆகவே இயந்திரம் தவறியதாக எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. யார் பொறுப்பாளர் என்று பிரிவுத் தலைவர் முடிவுசெய்து எழுதித் தரவேண்டும். எழுதப்பட்டவருக்கு நாளை முதல் வேலை இல்லை. யார் பெயரும் எழுதப்படாவிட்டால் தமிழ்ப் பிரிவே நாளை முதல் இல்லை. நிர்வாகத்தின் பிந்து இதைத் தொலைபேசியில் மிக மரியாதையாகச் சொன்னார்.

பத்து மணிக்கு உமாசங்கர் மடிக்கணினியை மூடிவிட்டுக் கிழக்கேகோட்டைக்குப் பேருந்து ஏறினார். கையெழுத்துப் போடுமுன் அழகியநம்பியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிற்று. சாலைக் கடைவீதி வழக்கம்போல் நெரிசலாக இருந்தது. பாத்திரக்கடை வாசலில் தொங்கிய குத்துப்போணிப் பாத்திரங்களில் வானத்தின் சாம்பல் நிறம் வளைந்து தெரிந்தது.

"வாங்க சார்" என்றார் அழகியநம்பி, உமாசங்கர் தாம் இன்னார் என்று சொன்னதும். "செத்தவன் கடைக்குத் துணிஞ்சு வந்திருக்கீங்க."

"மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்."

"இது நாலாவது. மூணு ஈமெயில்ல வந்துட்டு. அதுல ஒண்ணுல 'அமரர் அழகியநம்பி அவர்களுக்கு'ன்னு போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கீங்க. அமரர் எப்படிய்யா ஈமெயில் பாப்பாரு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உமாசங்கரால் சிரிக்க முடியவில்லை. அந்த மடலும் இயந்திரம் எழுதியதுதான்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

அழகியநம்பியின் முகத்திலிருந்து கேலி இறங்கிற்று. "படுத்திருக்கா. வீடியோ கால்ல எம் முகத்தைக் காட்டுனோம். 'இது பழைய படம்லா'ன்னு கேக்கா. நேர்ல போய் நின்னேன். கன்னத்தைத் தடவிப் பாத்து, அழுது, நம்புனா. நான் பஸ் ஏறி இங்க வந்து சேரல, அதுக்குள்ள திரும்பவும் கேக்கா, 'தம்பி காரியம் எல்லாம் முறையா நடந்துச்சா'ன்னு." அவர் கல்லாவின்மேல் கிடந்த துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தார். "யாரு செஞ்சது சார்?"

"மெஷின்தான் அதைத் தப்பான இடத்துல போட்டுச்சு."

"சரி. மெஷினை இங்க கூட்டிட்டு வாங்க. ரெண்டு அறை விட்டுட்டு மறந்துடுதேன். கூட்டிட்டு வர முடியாதுல்ல? அப்போ மனுஷன் ஒருத்தனைச் சொல்லுங்க. யாரு வேலையும் போகணும்னு எனக்கு ஆசையில்ல. ஆனா எங்க அக்கா, 'யாருடே இப்படிப் பண்ணுனது'ன்னு கேக்கும்போது, கம்ப்யூட்டருன்னு சொன்னா அவளுக்கு ஆகல. திட்டுறதுக்கு ஒரு பேரு வேணும் சார். சரியான பேரா இருக்கணும்."

கழக்கூட்டம் போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. உமாசங்கர் கைபேசியில் வலைப்பூவைத் திறந்து எழுதினார்: 'இதுவரை மூன்று தலைப்புகளையும் தனித்தனியே எழுதி வந்தேன். இவ்வாண்டு அவை ஒரே வீட்டில் போய்க் கூடிவிட்டன. தொழில்நுட்பம் தவறிற்று; தவறு செய்தியாக வெளிவந்தது; ஆரல்வாய்மொழியில் ஒரு மூதாட்டியின் அன்றாடம் கட்டிலோடு முடிந்தது. நாம் விரைவு என்று வியந்ததெல்லாம், நின்று கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் மிச்சமான நேரம்.' வாசித்துப் பார்த்தார். இலக்கணம் சரியாக இருந்தது. ஆனால் இதில் தவறியவர் யாரும் இல்லை. தவறு மழையைப்போல் தானாகப் பெய்திருந்தது. இப்படி ஒரு கட்டுரையை வேறொருவர் எழுதியிருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார். நண்பகல் கடந்தது. அவர் அதை வெளியிடவில்லை.

அலுவலகக் கட்டடத்தின் கீழே தேநீர்க் கடையில் ஆன்சன் காத்துநின்றான். முகத்தை மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில், நேர்முகத் தேர்வுக்கு வந்தவன்போல் இருந்தான்.

"ஆண்டுக் கட்டுரை வரல்லியே சாரே. எப்பவும் உச்சைக்கு முன்ன வந்திருமே."

"எழுதி முடியல."

"நான்தான் முதல் கமென்ட் போடுவேன். இந்த வருஷம் போடப்பிடாதுன்னு இருந்தேன். போட்டா சாருக்குக் கையெழுத்துப் போட மனசுக்கு வெஷமமா இருக்கும்."

"உன்கிட்ட யாரு சொன்னா?"

"எல்லாரும் அறியும் சாரே." அவன் தேநீரை வாங்கி அவர் கையில் கொடுத்தான். "எனக்க பேரையே எழுதுங்க. மத்தவங்களுக்க வேலையாவது நிக்கட்டும். நம்ம செக்ஷன் சுசீலாபாய் அக்காளுக்கு நேத்தும் அழுகை. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். கவனக்குறைவுன்னு எழுதாதீங்க. அது எழுதினா இனி ஒரு செய்தி ஆபீஸ்லயும் என்னை உள்ள கேற்ற மாட்டாங்க. அது மட்டுமில்ல, அது உள்ளதும் இல்ல. நான் அந்தப் படத்தை ரெண்டு மட்டம் திருப்பித் திருப்பிப் பாத்தேன் சாரே. நல்லாக் கவனிச்சுத்தான் பாத்தேன். எனக்கு ஆளு செத்ததாட்டுத்தான் தெரிஞ்சது."

உமாசங்கர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, "ரெனி எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் அவகிட்ட சொல்லல்ல" என்றான் ஆன்சன். "நியூ இயர் கழியட்டும்னு இருக்கேன்."

பிந்துவின் அறை நான்காம் மாடியில் இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மீண்டும் தூறத் தொடங்கியிருந்தது.

"இரிக்கணும் சார். சாய குடிச்சோ?" அவர் ஒரு தாளை மேசையில் நகர்த்தினார். மேலே இரண்டு வரிகள் அச்சாகியிருந்தன. பொறுப்பாளர் என்ற சொல்லுக்குப் பின்னால் இடம் வெறுமையாக இருந்தது. "ஆன்சன்றெ பேரு நான்தன்னே டைப் பண்ணலாம்னு நெனச்சேன். பின்னெ, சார்றெ தீர்மானம் ஆச்சே, சார் எழுதட்டும்னு விட்டேன்."

"ஒண்ணு கேட்கட்டுமா? இன்னைக்கு ஒரு பேரை எழுதினா, மத்தவங்க எத்தனை நாள் இருப்பாங்க?"

பிந்து கதவைப் பார்த்துக்கொண்டார். பொய் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. "மார்ச் வரெ. அது கழிஞ்ஞா இந்த செக்கிங்கே இல்லா சார். வாங்குறவங்க அப்படித்தான் சொல்லியிருக்காங்க. என்றெ சீட்டும் சம்சயம்தான்."

மூன்று மாதம். ஆன்சனைக் கொடுத்தால் நால்வருக்குக் கிடைப்பது மூன்று மாதம். அவனுக்குப் பதில் இன்னொருவரைக் கொடுத்தால் அவனுக்கும் அதே மூன்று மாதம். தராசின் இரு தட்டிலும் இவ்வளவு சிறிய பொருளை வைத்துக்கொண்டு பத்து நாள் உறங்காமல் இருந்ததை உமாசங்கர் வியப்பின்றி எண்ணிப் பார்த்தார். அந்தச் சிறியதும் கணக்கில் சேராதென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. காலையில் மனைவிக்குச் சொன்ன 'வராது' என்ற சொல் நினைவுக்கு வந்தது. சொல்லும்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

அவர் பேனாவை எடுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல், தமிழில் எழுதினார்:

'உமாசங்கர், தமிழ்ப் பிரிவுத் தலைவர். அறுபதாம் கல்யாண வழக்கத்தை அறியாத ஒருவரை, அறிவாரா என்று கேட்காமலே, அஞ்சலிப் பகுதிக்கு அமர்த்தியவர் இவர். சரிபார்த்தவர் தாம் அறிந்த அளவில் கவனத்துடனேயே சரிபார்த்தார். அவர்மேல் குற்றமில்லை.'

பிந்து எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கக் கூடியவர். முதற் சொல்லிலேயே நிமிர்ந்துவிட்டார்.

"இதெந்தா சார்? செக்கிங் லாகில் ஆன்சன்றெ பேரல்லே கிடக்குது?"

"சரிபார்த்தவன் பேரு அது. நீங்க கேட்டது பொறுப்பாளர் பேரு."

"சாருக்கு ரிட்டயராக ரெண்டு வருஷம் உண்டு!"

"மார்ச் வரைக்கும்னு இப்பத்தானே சொன்னீங்க."

"ஆன்சனும் மார்ச் வரெதான். பின்னெ எதுக்கு சார் இந்த வேல? வீட்டுல சொல்லியோ?"

"இல்ல." அவர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை படித்தார். "ஆரல்வாய்மொழியில ஒரு அம்மா படுத்துக் கிடந்து பேரு கேக்காங்க. கம்பெனிக்கு எந்தப் பேரு கிடைச்சாலும் போதும். அவங்களுக்கு அப்படிக் கொடுக்க முடியாது. சாலைக் கடைக்குப் போய் நானே சொல்லிக்கிடுதேன். இதுக்கும் மெஷின்ல ஒரு மடல் அனுப்பிராதீங்க."

பிந்து மேசையிலிருந்த மடிக்கணினியை மூடிவைத்தார்.

உமாசங்கர் கையெழுத்திட்டு, அதன்கீழ் அன்றைய தேதியை எழுதி, தாளை நீட்டினார். மேசைக்கு மேலே அது சற்று நேரம் அவர் கையிலேயே இருந்தது. பிறகு பிந்து அதை வாங்கிக்கொண்டார்.