இழைத்த கதவு

என் தம்பி தொகுஜிக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். அவன் மகள் அகினோவை நிச்சயம் செய்ய வந்த மாப்பிள்ளை வீட்டார் முன்கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் ஒன்றரை மீட்டர் பனி. அதன்மேல் காலையிலிருந்து மழை வேறு.

வீடு கட்டும் தச்சுவேலை எனக்கு. மனசு கேட்காமல் ஏணியில் ஏறினேன். தகரக் குழாயை ஓடு தட்டும்வரை பனிக்குள் இறக்கி, அதில் நின்ற பனியை வாளியில் கொட்டி, சமையலறைத் தராசில் நிறுத்தேன். குழாயின் வாயகலத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். தொகுஜியைத் தனியே கூப்பிட்டேன்.

"சதுர மீட்டருக்கு எழுநூறு கிலோ நிக்குது. இந்த வீடு அறுநூறு தாங்கத்தான் கட்டுனது. எல்லாரையும் வெளிய அனுப்பு."

"ரெண்டு மீட்டர் பனிக்குக் கட்டுன வீடு, அக்கா. ஒன்றரைதானே கெடக்கு?"

"அது புதுப் பனிக்குச் சொன்ன கணக்குடா. இது அமுங்கி, மழையக் குடிச்சு ஊறிக் கெடக்கு."

"கனம் கூடுனா கதவு சொல்லாதா? இங்க பாரு." கூடத்து இழுகதவை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினான்.

எங்கள் ஊரில் பனிக்குச் சாட்சி கதவுதான். உத்திரம் தாழ்ந்தால் கதவு சிக்கும். சிக்கினால் மண்வாரியோடு கூரைக்கு ஏறுவோம். இந்தக் கதவோ வழுக்கிக்கொண்டு போனது. எனக்கே என் கணக்கில் சந்தேகம் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கதவின் மேல்விளிம்பில் மரம் புதுசாக வெளுத்திருந்தது.

"இத யாரு இழைச்சது?"

"நான்தான். போன மாசம் சிக்குச்சு. சம்பந்தி வர்ற நேரத்துல கதவோட மல்லுக்கட்டுனா மானம் போயிடாதா?"

"அடப்பாவி! அது வாயை நீயே அடைச்சிட்டு, ஒண்ணும் சொல்லலைங்கிறியே!"

பின்னறைக் கதவை அவன் இழைக்கவில்லை. ஓடிப்போய் இழுத்தேன். அசையவே இல்லை.

"அத்தை, நானும் இழுக்கிறேன், வரமாட்டேங்குது," உள்ளேயிருந்து அகினோவின் குரல். பட்டு கிமோனோ மாற்றப் போனவள். அந்த அறை ஜன்னலைப் பனி மூடி வாரமாகிறது.

தொகுஜி தோளால் மோதப் போனான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உடைக்காதே! உத்திரம் இப்போ இந்தக் கதவுமேலதான் உக்காந்திருக்கு."

அவன் முன்கூடத்துக்கு ஓடி, நெற்றி தரையில் பட வணங்கி உண்மையைச் சொன்னான். மாப்பிள்ளையின் அப்பா கசாமா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, விசேஷ அங்கியைக் கழற்றி எறிந்து, மகனோடும் தொகுஜியோடும் மண்வாரி எடுத்துக் கூரை ஏறினார். இரண்டு சரிவிலும் சமமாகத் தள்ளச் சொல்லிவிட்டு நான் கதவோரம் நின்றுகொண்டேன்.

"மூலைத் தூணை ஒட்டி நில்லுடி."

"மேல மரம் முனகுது அத்தை."

"முனகட்டும். முனகுற மரம் சட்டுனு முறியாது." சொன்னேனே தவிர, கதவிலிருந்து கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளைத் தூக்கி வளர்த்தவள் நான்.

கூரையிலிருந்து பனி பொத்பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது. கதவை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு விரலகலம் நகர்ந்தது. அப்புறம் இடைவெளியில் அவள் கை நீண்டது. ஆள் நுழையும் அளவு திறந்ததும் அந்தக் கையைப் பிடித்து அவளை வெளியே உருவினேன்.

கூரையிலிருந்து இறங்கிவந்த தொகுஜி மகளைக் கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதான். சொட்டச் சொட்ட நனைந்த கசாமா அவன் முன்னால் தலை குனிந்தார்.

"நீங்கதான் மன்னிக்கணும் சம்பந்தி. உள்ள வரும்போதே உங்க கதவு வழுக்கிட்டுப் போச்சு. இவ்வளவு பனியிலயும் மழையிலயும் சிக்காத கதவான்னு எனக்குத் தேநீரே எறங்கல. இழைச்சீங்களான்னு கேட்டா மரியாதையா இருக்காதுன்னு வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்."