மின்விசிறியை நிறுத்தச் சொன்னவன்

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு பக்கம் எழுதுகிறேன்: கேட்ட பாட்டு, தின்ற பலகாரம், பார்த்த டிவி, போன ஊர். பிழைப்பு அதுவல்ல. பிழைப்பு ஒலிப்பதிவு. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு மைக்கும் ஹெட்போனுமாகப் பின்னால் அலைகிற ஆள் நான். இணைப்பின் ஆசிரியர் சுகாசினி போன வாரம் போன் செய்தார்.

"காஞ்சிபுரம் போயிட்டு வந்தீங்களே சார், அதையே எழுதிடுங்க. லேசா இருக்கட்டும். இட்லி, பட்டு, கொஞ்சம் மேளம். எழவு எதுவும் வேணாம். போன மாசம் உங்க பக்கத்தைப் படிச்சிட்டு எங்கம்மா அழுதாங்க."

எழவு வேண்டாம் என்கிறார். அந்தப் பயணத்தில் எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை ஒளித்து வைத்து உங்களை ஏய்க்கிற எண்ணம் இல்லை. [இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.] பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் படம் பிடித்த நெசவாளர் வீரபாகு அன்று மதியமே இறந்துபோனார். ஒன்பதாம் நாள் அவர் மனைவி கலாவதி எனக்குப் போன் செய்து ஒன்று கேட்டார். இன்று பதின்மூன்றாம் நாள். இன்னும் நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்வதைத் தள்ளிப்போடத்தான் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம், சாப்பாடு:

"காஞ்சிபுரத்துக் கோயில் இட்லியில் சுக்கு நாக்குக்குத் தெரியாது, தொண்டைக்குத்தான் தெரியும். மிளகு முன்னால் நின்று வாங்க என்று கூப்பிடும், சீரகம் பின்னால் —"

நன்றாகத்தான் வருகிறது. ஆனால் இந்த வரியை நோட்டில் குறித்துக்கொண்டது அந்தச் சனிக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்கு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில். அதே நேரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் ஒருவரைச் சாப்பிட எழுப்பி —

வேண்டாம். விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம், இசை:

"தறிக்கும் தாளம் உண்டு. மிதி, நாடா, பலகை. மூன்றுக்குள் நடக்கிற நடை. மிருதங்கக்காரர்கள் இந்தத் தெருவில் ஒரு மாதம் குடியிருந்தால் —"

இதிலும் ஒரு வில்லங்கம். ஊர் திரும்புகிற வண்டியிலேயே அந்தத் தறிச் சத்தத்தில் பன்னிரண்டு நொடி வெட்டி என் போனுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டேன். இயக்குநர் ஜெபகுமார்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார். கலாவதி போன் செய்தபோது அதுதான் அடித்தது. அவருடைய கணவர் நெய்துகொண்டிருக்க, நான் போனை எடுத்தேன்.

மூன்றாம் தொடக்கம், டிவி. இதில்தான் நிற்கப்போகிறேன், வேறு வழியில்லை.

3

அந்த வீட்டில் டிவி தறிக்கு எதிரே, சுவரில் உயரத்தில் இருந்தது. காலை எட்டு மணிக்குத் தறியில் உட்காரும்போது போட்டால், மதியச் சாப்பாட்டுக்குத்தான் அணைப்பார்களாம். யாரும் அதைப் பார்ப்பதில்லை. மாமியார் மருமகளைத் திட்டுவதைக் காதால் கேட்டுக்கொண்டு கை வேலை செய்யும். கோர்வைப் புடவைக்கு ஒருவர் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்கிறவர் ஒருபக்கம் இருக்க, கரைக்கான நூல் சுற்றிய நாடாவை எறிய ஓரத்தில் இன்னொருவர் வேண்டும். வீரபாகு குழியில் கால் விட்டு நெய்வார். கலாவதி ஓரத்தில் உட்கார்ந்து நாடா எறிவார். இருபத்தெட்டு வருஷமாக இப்படி.

எங்கள் நிகழ்ச்சி இட்லியைப் பற்றியது. தறி நடுவில் நாற்பது நொடி வந்துபோகும், ஊர் மணத்துக்காக. அந்த நாற்பது நொடிக்கு நான் செய்தவை: டிவியை அணைக்கச் சொன்னேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். பக்கத்து வீட்டில் ஓடிய மிக்சியை நிறுத்த ஆள் அனுப்பினேன். வீரபாகுவின் பனியனில், நெஞ்சுக்கு மேலே, சின்ன மைக் ஒன்றைக் குத்தினேன். ஜூன் மாதம், காலை பதினொன்றரை. ஓட்டுக்கூரை.*

"பேசிக்கினேதான் சார் நெய்வோம். சும்மா இருந்தா கை வராது" என்றார் கலாவதி.

"அஞ்சே நிமிஷம்மா. தறிச் சத்தம் மட்டும் சுத்தமா வேணும்."

"அவரு பேசாம இருந்துடுவாரு, அதுக்கின்னா. எனக்குத்தான் வாயி நிக்காது."

வீரபாகு சிரித்தார். நெற்றியிலிருந்து கழுத்து வரை வேர்வை வழிந்தது. துடைக்கப்போன கையை ஜெபகுமார் தடுத்தார். "அண்ணே, துடைக்காதீங்க. ஷாட்டுக்கு நல்லா இருக்குது."

ஓடவிட்டோம். மிதி, நாடா, பலகை. இரண்டாம் நிமிடத்தில் என் ஹெட்போனில் வீரபாகுவின் குரல் வந்தது, மெல்ல.

"கலா... நெஞ்சு இன்னாமோ பண்ணுதும்மா."

உடனே கலாவதி, "உஷ்! ரெக்கார்டு ஆவுது" என்றாள்.

நான் கையைத் தூக்கினேன். "இன்னொரு தடவ போலாம்ணே. நடுவுல பேச்சு வந்துடுச்சு."

"சரிப்பா" என்றார் வீரபாகு.

மறுபடியும் நெய்தார். நாலு நிமிடம், ஒரு சொல் இல்லாமல். என் தொழிலில் அதற்குச் சுத்தமான டேக் என்று பெயர். பேச்சு விழுந்த டேக் கெட்டுப்போன டேக். பேச்சில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் பழக்கம் அல்ல, எந்த நொடியில் விழுந்தது என்று மட்டும் குறித்துக்கொள்வோம். குறித்துக்கொண்டேன்.

[* வேலை முடிந்ததும் மின்விசிறியை யார் போட்டார்கள் என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். நான் போடவில்லை.]

4

போனில் கலாவதி பேசியது இது. ஒரு எழுத்தும் நான் சேர்க்கவில்லை.

"தம்பி, பிள்ளையார்பாளையத்துல இருந்து பேசறேன். தறி படம் புடிச்சீங்களே. அவரு தவறிட்டாரு தம்பி. நீங்க போன அன்னிக்கே. படுக்கறேன்னாரு, சாப்பாட்டுக்கு எழுப்பறேன், எழுந்துக்கல."

என்ன சொன்னேனோ. அய்யோ என்றேன் போலிருக்கிறது.

"போட்டோ எக்கச்சக்கமா இருக்குது. கொரலுதான் ஒண்ணுமில்ல. பட்டன் போனு வச்சிருந்தாரு. கல்யாண வீடியோவுலகூட பந்தியில குனிஞ்சி துன்னுக்கினு இருக்காரு. நீங்க பனியன்ல மைக்கு குத்துனீங்களே, அதுல எதனா பேசியிருப்பாரு. அத்த குடுங்க தம்பி. வர்ற ஞாயித்துக்கெழம கருமாதி. பென் டிரைவ்ல போட்டா டிவியிலயே கேக்கலாம்னு பொண்ணு சொல்லுது. சொந்தக்காரங்க எல்லாம் கேட்டுட்டுப் போவட்டும்."

பிறகு, நான் கேட்காமலே:

"ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாரு, காலைலயே வலி இருந்திருக்குமே, உங்ககிட்ட சொல்லலியான்னு. எங்க சொன்னாரு? சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?"

"தேடிப் பாக்கறேம்மா" என்றேன். தேட ஒன்றுமில்லை. கோப்பு திரையிலேயே இருந்தது. சார் என்று கூப்பிட்டவர் தம்பி என்று மாறிவிட்டார், அதுதான் அன்று முழுக்க என்னைப் படுத்தியது.

இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின் மீது ஒரு சந்தேகம் வந்தது.* இருபத்தெட்டு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்தவள். அவன் சொன்னதை உஷ் என்று அடக்கியவள். அது எப்படி மறக்கும்? ஒருவேளை மறக்கவில்லையோ? நெஞ்சு என்ற சொல் காதில் விழுந்துதான் உஷ் என்றாளோ? நான் அதைப் பதிவில் வைத்திருக்கிறேனா, அழித்துவிட்டேனா என்று தெரிந்துகொள்ளத்தான் குரல், கருமாதி, பென் டிரைவ் என்று சுற்றி வளைத்துக் கேட்கிறாளோ? கதைக்கு இது பலம். வாசகருக்கு ஒரு நடுக்கம் வரும். சுகாசினிகூட மன்னித்துவிடுவார்.

[* கவனித்திருப்பீர்கள், மூன்றாம் பகுதியின் நடுவில் அவர் என்பது அவள் ஆகிவிட்டது. அவர் என்று எழுதினால் போன் செய்கிற ஆளாக இருக்கிறார். அவள் என்றால் நான் சொன்னபடி கேட்கிறாள்.]

5

முடிவு ஒன்று. "தேடினேன்மா, குரல் எதுவும் இல்லை. தறிச் சத்தம் மட்டும்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவது. அவள் அழுவாள், பிறகு விட்டுவிடுவாள். கதை சப்பென்று முடியும். வாழ்க்கையில் நிறைய அப்படித்தான் முடிகிறது என்று ஒரு வரி சேர்த்து ஒப்பேற்றலாம்.

முடிவு இரண்டு. வெட்டுவது. "கலா" என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்து அனுப்புவது. இதைச் செய்தே பார்த்தேன். ஒரு நொடிகூட வரவில்லை. முன்னால் தறி, பின்னால் தறி, நடுவில் அவள் பெயர். இருபது தடவை கேட்டிருப்பேன். வலிக்கிறவன் கூப்பிடுகிற குரல் அது, அதிலிருந்து வலியை எந்தக் கருவியாலும் பிரித்தெடுக்க முடியவில்லை. பந்திக்கு வந்தவர்கள் முன்னால், டிவியில், சத்தமாக வைத்துக் கேட்டால் அவளுக்குத் தெரியாமல் போகுமா?

முடிவு மூன்று. முழுசாக அனுப்புவது. பதினான்கு நொடி. கணவன் சொன்னதையும், தான் உஷ் என்றதையும் அவள் கேட்பாள். அப்புறம் அந்தத் தறியில் உட்காருவாளா? சோறு இறங்குமா? இது கொலை. இதை நான் செய்ய மாட்டேன். அவளைக் காப்பாற்றத்தான் நான் சும்மா இருக்கிறேன், இது கோழைத்தனம் அல்ல, இரக்கம் என்று

6

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கவில்லை. என் மனைவி இந்திராணி பின்னால் வந்து நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் பகுதி வரை படித்துவிட்டு, "அதைக் கொஞ்சம் போடுங்க, கேக்கறேன்" என்றாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பதினான்கு நொடி. மறுபடியும் கேட்டாள். கழற்றினாள்.

"இதுல அந்தம்மா எங்க பேசறாங்க?"

நான் மைக்கின் தூரம், தறிச் சத்தம் என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"அதில்லைங்க. உஷ்னு ஒரு சத்தம் வருதே. அது உங்க கொரல்தானே?"

ஆமாம்.

அடுப்பில் ஏதோ இருந்தது, போய்விட்டாள்.

மூன்றாம் பகுதியைத் திருத்தி எழுதுகிறேன். கலாவதி எதுவும் சொல்லவில்லை. அவர் தறியின் ஓரத்தில், என் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். வீரபாகு சொன்னது வாய்க்குள் முனகுவதைப் போன்ற ஒரு பேச்சு. பலகை அடிக்கிற சத்தத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தவருக்கு அது கேட்கவில்லை. நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த மைக்குக்குக் கேட்டது. மைக்கிலிருந்து கம்பி வழியாக ஒரே ஒரு ஆளுக்குக் கேட்டது. அந்த ஆள் உதட்டில் விரலை வைத்து "உஷ்! ரெக்கார்டு ஆகுது" என்றான். வீரபாகு என்னைப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டவர், எனக்குத்தான் பதில் சொன்னார்: சரிப்பா.

கலாவதிக்கு மறக்க ஒன்றுமே இல்லை. சுற்றி வளைத்துக் கேட்கவும் இல்லை. நான் செய்ததைத் தூக்கி அவர் வாயில் வைத்தேன், பிறகு அதற்காக அவர் மேலேயே சந்தேகப்பட்டேன், கடைசியில் அவர் மேல் இரக்கமும் பட்டேன். வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் பகுதியை அழிக்காமல் விட்டிருக்கிறேன், நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிவதற்காக.

7

மூன்று முடிவுகளும் இப்போது உதவாது. மூன்றும் கலாவதியைப் பற்றியவை. கேட்க வேண்டியிருந்த கேள்வி என்னைப் பற்றியது.

சுகாசினி இதைப் போடுவாரா தெரியவில்லை. இட்லி ஒரு வரிதான் இருக்கிறது. போட்டால், இணைப்பு உங்கள் கைக்கு வரும்போது ஞாயிறு காலை ஏழு மணி. அங்கே கருமாதி பத்து மணிக்கு. பெயர்களை மாற்றியிருக்கிறேன், பேட்டையை மாற்றவில்லை. பதினாறாம் நாள் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

நான் அனுப்பினேனா இல்லையா என்று எழுத மாட்டேன். எழுதினால் என்னைத் திட்டியோ மன்னித்தோ முடித்துவிட்டு நீங்கள் ராசிபலனுக்குப் போய்விடுவீர்கள். டிவியில் பென் டிரைவ் செருகியிருக்கிறதா, இல்லை காலியாக நீலத் திரை ஓடுகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். காலியாக இருந்தால், நான் நான்காம் பகுதியிலும் ஐந்தாம் பகுதியிலும் இருந்தபடியேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். அப்போது முடிவு உங்கள் கையில்தான் இருக்கும். பந்தியில் உங்கள் பக்கத்தில் கலாவதி பாயசம் ஊற்றிக்கொண்டே யாரிடமாவது சொல்வார்: "எங்க சொன்னாரு? சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?"

வாயைத் திறப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், எனக்குத் தெரிந்ததும்: அவர் சொன்னார். எனக்குக் கேட்டது.