அத்திப்பழத்து அடை

சனிக்கிழமை டயாலிசிஸுக்கு அக்கா வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே, ஜெபக்குழுப் பெண்கள் கொடுத்த வாக்குத்தத்த அட்டையை என்னிடம் நீட்டினாள். உன் கண்ணீரை ஆண்டவர் கண்டார், உன்னைக் குணமாக்குவார் என்ற பொருளில் ஒரு வசனம். இனி ஊசியும் மெஷினும் வேண்டாமாம்.

நர்ஸுக்குப் போன் செய்தேன். ஒன்று தவறினால் சமாளிக்கலாம், தொடர்ந்து விட்டால் நுரையீரலில் நீர் ஏறிவிடும், செவ்வாய்க்கிழமை எப்படியாவது கூட்டி வாருங்கள் என்றாள்.

மாத்திரைத் தொழிற்சாலையில் சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. பெல்ட்டில் ஓடும் மாத்திரை அட்டைகளில் ஒரு குழி காலியாக இருந்தாலும் பொறுக்கி எடுத்துவிடுவேன். பதினோரு வருடப் பழக்கம். அந்த வசனத்தையும் அப்படித்தான் பார்த்தேன். எங்கோ ஒரு குழி காலியாக இருந்தே தீரும் என்று தோன்றியது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை அலமாரியைத் திறந்து தரும்படி சாவிக்காரரிடம் கேட்டேன். ஒத்தவாக்கிய அகராதி, வேதாகம அகராதி, விளக்கவுரை என்று மூன்றையும் என் கைகளில் அடுக்கினார்.

"இதத் தூக்கிட்டு மாடி ஏறுனா, அடுத்த வாரம் உங்க முதுகுக்குத்தாம்மா நாங்க ஜெபம் பண்ணணும்."

அட்டையில் அதிகாரமோ வசன எண்ணோ இல்லை. ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியில், 'கண்ணீர்' என்ற சொல்லின் கீழே விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன். தீர்க்கதரிசி ஒருவர், சாகக் கிடந்த ராஜாவிடம் சொன்னது அது. சாவு நிச்சயம் என்று கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பி அழுத ராஜா. அவனுக்குப் பதினைந்து வருடம் கூடுதலாகக் கிடைத்தது. இது அவனுக்குச் சொல்லப்பட்டது, எல்லோருக்கும் அல்ல என்றது விளக்கவுரை. அக்கா இதற்கெல்லாம் மசிய மாட்டாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், என் வேதாகமத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒத்தவாக்கியக் குறிப்பைப் பின்தொடர்ந்து ராஜாக்களின் புத்தகத்துக்குப் போனேன். அங்கேயும் அதே சம்பவம். ஆனால் வாக்குக் கொடுத்த கையோடு, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து ராஜாவின் கட்டியின்மேல் வைக்கச் சொல்கிறார் தீர்க்கதரிசி. அதன் பிறகுதான் அவன் பிழைக்கிறான். நசுக்கித் தட்டிய அத்திப்பழப் பற்று, அந்தக் காலத்தில் அது மருந்து என்றது வேதாகம அகராதி. முதலில் படித்த இடத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால், அங்கேயும் அதிகாரத்தின் கடைசியில் அந்த அடை தனியாகக் கிடந்தது. பதினோரு வருடக் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என்ன ஜெயித்தேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய் காலை அக்காவின் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு இடங்களையும் படித்துக் காட்டினேன்.

"ஆண்டவரே மருந்து போடச் சொல்லியிருக்காருக்கா. பத்து மணிக்கு வண்டி வரும். புடவை மாத்திக்கோ."

அக்கா தலையணைக்கு அடியிலிருந்து தன் வேதாகமத்தை எடுத்து, தேடாமலே ஓர் இடத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். அத்திப்பழத்து அடையின் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் தேதி. அட்டை அவள் கைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி.

"தெரியும்டி" என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா?"

"போதும்னு சொன்னா நீ விட்டுருப்பியா? நாலு வருஷமா இழுத்துட்டுப் போற. கர்த்தர் சொன்னாருன்னா ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டாங்கன்னு பார்த்தேன். நீ என்னடான்னா அலமாரியையே பேத்துட்டு வந்து நிக்குற."

சிரித்தபோது வறண்ட உதடு வெடித்தது. துடைத்துவிட்டேன்.

"அந்த ராஜா இன்னும் இருக்கணும்னு அழுதான்டி. எனக்கு அழுகை வரல. அப்ப அந்த வசனம் எனக்கு இல்லதான? ஜெபக்குழுகிட்ட மட்டும் சொல்லிடாத."

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். இந்த நாலு வருடத்தில் நான் மாற்றிக்கொண்ட ஷிப்டுகள், வேண்டாம் என்று சொன்ன சூப்பர்வைசர் வேலை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் பழகிய என் கழுத்து, எல்லாம் ஒரு கணம் என்னை விட்டுக் கீழே இறங்கியது போலிருந்தது. முதலில் வந்தது துக்கம் இல்லை. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாடிப்படி இறங்கிப் போய், இன்று வேண்டாம் என்று வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.

எட்டாம் நாள் அக்கா போய்விட்டாள். கடைசி இரண்டு நாள் படுக்க முடியாமல், என் தோளில் சாய்ந்தபடி மூச்சுக்குத் திணறினாள். நடுவில் ஒருமுறை, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பிடியைச் சரிபார்க்க எந்த அகராதியும் இல்லை.

அடக்கத்தன்று ஜெபக்குழுப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, கடைசிவரை விசுவாசத்தில் அசையாதவள் என்றார்கள். தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். சாவிக்காரர் இந்த முறை வேடிக்கை எதுவும் பேசவில்லை. ஒவ்வொன்றாக வாங்கித் தூசி தட்டி உள்ளே வைத்தார்.

"தேடுனது கெடச்சுதாம்மா?"

"கெடச்சுது" என்றேன்.

அலமாரியைப் பூட்டினார்.