கடைசித் தூண்டில்

மே மாதம் வந்தால் டென்மார்க்கின் புரொண்பிக் கடற்கரையில் முரல் மீனுக்குத் தூண்டில்கள் வரிசைகட்டும். மீன்பிடி அதிகாரி நான்கு டேனிஷ்காரரைத் தாண்டி நேரே துஷாராவிடம் வந்து அனுமதி அட்டையைக் கேட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைபேசியில் அட்டையைக் காட்டிவிட்டு டேனிஷில் பொரிந்து தள்ளினாள்.

"எங்களைக் கண்டால்தான் உங்களுக்குச் சட்டம் ஞாபகம் வருமோ? எல்லாரிட்டயும் கேளுங்கோ!"

அவர் கேட்டார். நால்வரிடமும் அட்டை இருந்தது. வரிசையின் கடைசியில் தூண்டிலோடு நின்ற அவள் கணவன் கஜதீபன்தான் திருதிருவென்று விழித்தான்.

"வீட்டுக்கு ஒரு அட்டை இருந்தாக் காணுமெண்டெல்லோ நினைச்சன்."

அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு துஷாரா அதிகாரியை மறித்தாள்.

"இது எங்கட பிழை. நாலு பேரைத் தாண்டி என்னட்ட வந்தது ஆரின்ர பிழை?"