பின் அச்சு மட்டும்

அக்கா ஒருமுறை போனில் சொன்னாள்: "அந்த ஜீப்பை வித்துட்டு நல்ல கார் ஒண்ணு வாங்கிட்டு வாங்கப்பா." அதன்பிறகு அப்பா அவள் ஊருக்குப் போகவே இல்லை. பேரன் பிறந்தான், தவழ்ந்தான். எல்லாவற்றையும் கைபேசித் திரையில்தான் பார்த்தார்.

கேட்டால் பழி ஜீப்பின்மேல் விழும்.

"ஹைவேல அறுபதைத் தாண்டினா உதறுதும்மா."

"பஸ்ல போகலாமேப்பா?"

"பஸ்ஸா? எனக்குக் குமட்டும்."

மலைச்சரிவுகளில் நிலம் அளந்த காலம் முழுக்க அவரைச் சுமந்த வண்டி அது. எந்தச் சேற்றிலும் சிக்கியதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

எனக்கு வாதாட வராது. அதனால் அவருடைய சாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினேன். ஸ்டியரிங் கனக்கிறது என்றார். பவர் ஸ்டியரிங் போட்டோம். பிரேக்கை நம்ப முடியாது என்றார். முன்னால் டிஸ்க் பிரேக் வந்தது. டயர் இரைகிறது என்றார். தார்ச்சாலைக்கான டயர் மாற்றினோம்.

"உங்கப்பா வாய்க்கு மட்டும் எங்கயும் பார்ட்ஸ் கிடைக்கலம்மா" என்றார் மெக்கானிக். அப்பாவின் நண்பர். நான் அவரை ஸ்பேனர் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

மிச்சம் வேகம்தான். எஞ்சின் கதறாமல் விரைந்தோட, அச்சுகளுக்குள் இருக்கும் பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். பின் அச்சுக்குக் கிடைத்துவிட்டது. முன் அச்சுக்கு இந்தப் பழைய மாடலில் எங்குமே இல்லை.

"பின்னாடி மட்டும் மாத்தலாம்" என்றார் மாமா, பட்டறையில் அப்பாவிடம். "ஆனா முன்னும் பின்னும் வேற வேற கணக்குல சுத்தும். நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்க விட்டா உள்ள எல்லாம் நொறுங்கிரும். அதுக்கான அந்தச் சின்ன லீவரை நீ மறந்துடணும்."

"அப்புறம் அது ஜீப்பாய்யா? ஜீப் வேஷம் கட்டின காரு."

மாமா என்னைப் பார்த்தார்.

"அவன் நடக்க ஆரம்பிச்சுட்டாம்ப்பா" என்றேன். "நேத்து அக்கா சொன்னா."

அப்பா பட்டறையை விட்டு வெளியே போனார்.

"முடிஞ்சது கதை" என்று மாமா கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா போனது ஜீப்புக்கு. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அந்தச் சின்ன லீவரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். எத்தனை சேற்றில் அதைத் தள்ளியிருப்பார்! பிறகு அதன் தலையிலிருந்த கறுப்புக் குமிழைத் திருகிக் கழற்றினார். வெறும் கம்பி நின்றது.

"மாத்துய்யா" என்றார் மாமாவிடம்.

"குமிழ் எதுக்குப்பா?"

"பையன் உருட்டி விளையாடட்டும்." சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அங்க போனதும் உங்கக்கா கேப்பா, காரு வாங்கியாச்சான்னு. இது இப்ப காருதான்னு நீ வாயைத் திறக்கக் கூடாது."

"நான் எப்பப்பா திறந்திருக்கேன்?"